கெங்கவல்லி வரை வந்த கோப்பு

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கெங்கவல்லி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் லேப்டாப் கிடைத்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது. டெபியன் வழக்கப்படி பூட் அடைவில் ‘கன்ஃபிக்’ எனத் தொடங்கும் பெயரில் ஓர் உரைக் கோப்பு கிடக்கும். ஆயிரக்கணக்கான வரிகள். இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கட்டியபோது எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்ற கணக்கு அது. தானாக உருவானது, திருத்தாதே என்று தலைப்பிலேயே எச்சரிக்கையும் உண்டு.

கர்னல் கட்டுபவர் மெனுவில் ஒவ்வொரு வசதிக்கும் பதில் சொல்ல, இந்தக் கோப்பு பிறக்கிறது. கேள்வி கேட்கும் நிரலுக்கு கேகன்ஃபிக் என்று பெயர். ரோமன் ஜிப்பல் எழுதிய அது 2002-இல் லினக்ஸ் 2.5.45-இல் சேர்ந்தது. அதற்கு முன் இதே வேலைக்கு எரிக் ரேமண்ட் பைத்தானில் எழுதிக் கொடுத்த சிஎம்எல்2 எடுபடவில்லை. எதையும் எக்ஸ்எம்எல் வடிவில் எழுதும் மோகம் தலைக்கேறியிருந்த காலம்; இருந்தும் ஜிப்பல் பதில் கோப்பின் பழைய வடிவத்தில் கைவைக்கவில்லை. பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். கர்னலைக் கட்டும் ‘மேக்’ நிரலால் அதை அப்படியே உள்ளிழுத்துக்கொள்ள முடியும், ஷெல்லாலும் படிக்க முடியும். மனிதர் கைபடாத கோப்புக்கு அழகு எதற்கு? அடுத்து யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே; ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றும் தனி மாட்யூல். வேண்டாம் என்பதற்குத்தான் வேடிக்கையான ஏற்பாடு: # போட்டு, வசதியின் பெயரை எழுதி, ‘இஸ் நாட் செட்’ என்று முடிக்கிறார்கள். மேக்குக்கு அது வெறும் கமெண்ட், தாண்டிப் போய்விடும். கேகன்ஃபிக்கோ அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளும். அடங்கலில் ‘தரிசு’ என்று எழுதிய நிலத்துக்கும், வி.ஏ.ஓ. இன்னும் எதுவும் எழுதாத நிலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வரி இருந்தால், கேட்டாயிற்று, வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வரியே இல்லையென்றால் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

கமெண்டுக்குள் இப்படிக் கட்டளைகளை ஒளித்து வைப்பதைப் பார்த்துத்தான் ஜேசான் என்ற தரவு வடிவத்திலிருந்து கமெண்டையே நீக்கினேன் என்று அதை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2012-இல் சொன்னார். அவர் தடுக்க நினைத்ததை லினக்ஸ் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது, குடிமுழுகிப் போகவில்லை.

இந்தக் கோப்பிலிருந்து சி மொழிக்கான ஆட்டோகான்ஃப் தலைப்புக் கோப்பு தயாராகிறது. ஒரு வசதியின் நிரல் வரிகள் கம்பைலாக வேண்டுமா, கூடாதா என்பது அங்கே முடிவாகும். கட்டிய கர்னலை நிறுவும்போது பதில் கோப்பின் ஒரு நகல் பூட் அடைவுக்குப் போகும். கர்னல் ஓடும்போது அதைத் திறந்துகூடப் பார்க்காது.

ஆனால் அதே லேப்டாப்பில் புதுக் கர்னல் கட்ட நினைப்பவர் இந்த நகலை எடுத்து வைத்து ‘மேக் ஓல்டுகன்ஃபிக்’ என்று தட்டினால், புதிதாக வந்த வசதிகளை மட்டும் கேட்கும். வேண்டாம் என்று ஏற்கெனவே பதிந்ததைப் பற்றி மறுபடி கேட்டு உயிரை வாங்காது.