ஷமோனிப் பள்ளத்தாக்கின் மலைப்பாதைகள்

பிரான்ஸின் கிழக்கு எல்லையில், மோன் பிளாங் மலையின் வடக்கு அடிவாரத்தில், ஆர்வ் ஆறு ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஷமோனி. ஊர் ஏறத்தாழ 1,035 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே நிற்கும் சிகரம் 4,800 மீட்டரைத் தாண்டியது. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மோன் பிளாங் தொடரும் அதன் பனியாறுகளும், எதிர்ப்பக்கம் ‘செவ்வூசிகள்’ எனப் பொருள்படும் எகீய் ரூஷ் தொடரும் உள்ளன. கோடையில் மக்கள் நடக்கும் பாதைகள் இந்த இரு சரிவுகளிலும் பின்னிக் கிடக்கின்றன. மேல்பாதைகளில் ஜூன் கடைசி வரைகூடப் பனி கிடப்பதுண்டு. செப்டம்பர் முடிவதற்குள் மறுபடி குளிர் இறங்கிவிடும். நடக்கத் தோதான காலம் மூன்று மாதம்தான்.

இந்தப் பாதைகளில் பெரும்பாலானவை நடைப்பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 1091 வாக்கில் ஜெனீவாப் பிரபு இப்பள்ளத்தாக்கைப் பெனடிக்ட் சபைத் துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தார். அன்று முதல் பல நூற்றாண்டுகள் இங்கே வாழ்ந்தவர்கள் குடியானவர்கள். கோடை வந்தால் மாடுகளை மேலே ஓட்டிச் செல்வார்கள். மலைமேலுள்ள அந்தப் புல்வெளிக்கே அவர்கள் மொழியில் ‘ஆல்ப்’ என்று பெயர், சிகரத்துக்கல்ல. மேய்ப்பர்களைவிட உயரம் சென்றவர்கள் இரு சாரார்: ஷமுவா என்னும் மலைமான் வேட்டைக்காரர்கள், பாறை வெடிப்புகளில் படிகக்கல் தேடியவர்கள். பனியாற்று ஓரமாக முதலில் தடம் போட்டவர்கள் இவர்கள்தாம்.

மற்றவர்களுக்குப் பனியாறு அச்சம் தரும் பொருள். பதினேழாம் நூற்றாண்டின் கடுங்குளிரில் அது கீழிறங்கி வயல்களையும் குடிசைகளையும் விழுங்கியது. 1644-இல் லே புவா சிற்றூருக்கு மேலே வந்து நின்ற பனிக்கட்டியைப் பின்வாங்கச் செய்ய, ஜெனீவா மறைமாவட்டத்தின் துணை ஆயர் சார்ல் த சால் மக்களைத் திரட்டி ஊர்வலமாகச் சென்று மந்திரித்தார். இன்று அதே பனியாறு சுருங்குகிறதே என்று கவலைப்படுகிறவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

காட்சிக்காக ஏறியவர்கள்

1741 ஜூனில் வில்லியம் வின்டம், ரிச்சர்ட் போக்காக் என்ற இரு ஆங்கிலேயர்கள் ஒரு குழுவோடு வந்தார்கள். கொள்ளையருக்கு அஞ்சி ஆயுதங்களோடு வந்தார்கள். ஊரில் கிடைத்ததோ, மேலே போகாதீர்கள் என்ற புத்திமதி. வேட்டைக்காரர்களையும் படிகம் தேடுவோரையும் வழிகாட்டிகளாகக் கூட்டிக்கொண்டு, அவர்களுடைய தடத்திலேயே மோன்தான்வேர் என்ற மேட்டுக்கு ஏறினார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. அங்கிருந்து கண்ட பனியாற்றை, கொந்தளிக்கும்போதே சட்டென்று உறைந்துபோன ஏரி போலிருந்ததாக வின்டம் எழுதினார். ‘பனிக்கட்டிக் கடல்’ எனப் பொருள்படும் மேர் த கிளாஸ் என்ற பெயர் இந்த ஒப்புமையிலிருந்தே கிளைத்தது. ஷமோனிப் பாதைகளின் வரலாற்றில் திருப்பம் என்று நான் கருதுவது சிகர ஏற்றத்தை அல்ல, இந்த அரைநாள் நடையைத்தான். மாடோ மானோ படிகமோ எதையும் தேடாமல், பார்ப்பதற்கென்றே மலைமேல் போகலாம் என்று ஊருக்குக் காட்டியது அது.

1760-இல் ஜெனீவாவிலிருந்து வந்த இருபது வயது அறிவியலாளர் ஒராஸ் பெனடிக்ட் த சொசூர், மோன் பிளாங் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். பரிசு எவர் கைக்கும் போகாமலே 26 ஆண்டுகள் கழிந்தன. 1786 ஆகஸ்ட் 8 அன்று உள்ளூர் மருத்துவர் மிஷேல் பக்காரும் படிகம் தேடும் ஷாக் பல்மாவும் உச்சியைத் தொட்டனர். மறு ஆண்டு சொசூரே 18 வழிகாட்டிகளோடு, கருவிகளைச் சுமக்க வைத்து ஏறினார். ஆனால் நடைப்பயணிக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து வேறு: 1767-இல் மலையின் மேல் ஏறாமல், அதைச் சுற்றி வந்தார். இன்றைய ‘மோன் பிளாங் சுற்று’ நடையின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

கோவேறு கழுதையும் கட்டண விகிதமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோன்தான்வேர் தடம் கோவேறு கழுதை செல்லுமளவு அகலமானது. 1820-இல் டாக்டர் ஹாமெல் என்பவர் தலைமையில் மோன் பிளாங் உச்சி நோக்கிச் சென்ற குழுவைப் பனிச்சரிவு அடித்துக்கொண்டு போனதில் மூன்று வழிகாட்டிகள் இறந்தார்கள். (அவர்களுடைய எச்சங்கள் 1861 முதல் போஸ்ஸோன் பனியாற்றின் கீழ்முனையில் வெளிவரத் தொடங்கின. பனியாறு மெல்ல நகர்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.) அந்த விபத்தை அடுத்து 1821-இல் ஷமோனி வழிகாட்டிகள் சங்கம் பிறந்தது. வழிகாட்டிகளுக்கு முறை வைத்து வேலை கொடுத்தது. இன்ன நடைக்கு இன்ன கூலி என்று விதித்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு உதவ நிதி சேர்த்தது. வரிசைப்படி வருகிறவரையே கூட்டிப்போக வேண்டும், பிடித்தவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் லண்டனின் மலையேற்றக் கழகத்தார் ஓயாமல் முறையிட்டார்கள். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் நாலைந்து புகழ்பெற்ற பெயர்களே எல்லா வேலையையும் அள்ளிக்கொண்டிருக்கும்.

அக்காலத்தில் வந்தவர்கள் விரும்பி நடந்த ஒரு வழி, இப்போது இல்லாத ஒன்று. மோன்தான்வேரிலிருந்து இறங்கிப் பனியாற்றைக் குறுக்காகக் கடந்து, மறுகரையில் ‘மொவே பா’ என்ற செங்குத்துப் பாறையில் வெட்டிய படிகளில் இரும்புக் கம்பியைப் பற்றியபடி நடந்து, ஷபோ என்ற முனை வழியாக ஊர் திரும்புவது. ‘மொவே பா’ என்றாலே பொல்லாத இடம் என்று பொருள். நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் அதைக் கடந்தார்கள். 1863-இல் தாமஸ் குக் முதன்முதலாக நடத்திய சுவிட்சர்லாந்துச் சுற்றுலாக் குழுவும் ஷமோனி வழியே வந்து இந்த நடையைச் செய்தது. அன்று பனிக்கட்டியின் மேற்பரப்பு கரைக்கு அருகிலேயே இருந்தது. அதனால் அது ஒரு பகல்பொழுதின் உல்லாசமாக முடிந்தது.

1901-இல் ரயில் ஷமோனிக்கு வந்தது. 1909-இல் மோன்தான்வேருக்கே பற்சக்கர ரயில் ஏறியது. பிழைப்பு போய்விடும் என்று வழிகாட்டிகளும் கழுதைக்காரர்களும் எதிர்த்தார்கள். கழுதைக்காரர்கள் விஷயத்தில் அந்த அச்சம் சரியாகவே இருந்தது.

பால்கனிகள்

ரயிலும் கம்பிவண்டியும் நடையை ஒழித்துவிடவில்லை. நடையின் தொடக்கப் புள்ளியை மேலே தூக்கி வைத்தன. பிரேவான் கம்பிவண்டி 1930 வாக்கிலும், எகீய் து மிதி கம்பிவண்டி 1955-இலும் வந்தபின், மூச்சுவாங்க ஆயிரம் மீட்டர் ஏறும் வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட்டுச் சரிவின் நடுவே கிடைமட்டமாக நடப்பது வழக்கமாயிற்று. உள்ளூரில் இந்தக் கிடைமட்டப் பாதைகளுக்கு ‘பால்கனி’ என்றே பெயர். வடக்குப் பெரும்பால்கனி, 2,317 மீட்டரிலுள்ள பிளான் த லெகீய் நிலையத்திலிருந்து மோன்தான்வேர் வரை இரண்டரை மணி நேர நடை. தெற்குப் பெரும்பால்கனி எதிர்ச்சரிவில் ஃப்ளேஷேர் வரை செல்கிறது. மோன் பிளாங் முழுவதையும் கண்முன் வைத்தபடி நடக்க வேண்டுமானால் இதுதான். இதற்கும் மேலே 2,352 மீட்டரில் லாக் பிளாங் ஏரி. அதற்குச் செல்லும் ஒரு வழியில் பாறையில் பொருத்திய இரும்பேணிகளில் ஏற வேண்டும். எகீய் ரூஷ் பகுதி 1974 முதல் இயற்கைக் காப்பகம். வளைந்த கொம்புடைய ஐபெக்ஸ் ஆடுகள் நடப்பவர்களைச் சட்டை செய்யாமல் பாதையோரம் நிற்பதை அங்கே காணலாம். கிளைவழிகளில் மஞ்சள் பலகைகள் தூரத்தைவிட நேரத்தையே சொல்கின்றன. ஏற்றத்தில் கிலோமீட்டர் கணக்கு உதவாது என்பது மலைக்காரர்களின் அனுபவம்.

சொசூர் சுற்றிய வழி இப்போது பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகளில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீள்கிறது. பொதுவாகப் பத்து நாள் நடை. மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். 2003-இல் அதையொட்டியே ஓட்டப்பந்தயம் தொடங்கியது. மழையும் குளிரும் வாட்டிய அந்த முதல் ஆண்டில் 67 பேரே முழுவதும் ஓடி முடித்தார்கள். வென்றவர் நேபாளத்தைச் சேர்ந்த தாவா ஷெர்பா.

மோன்தான்வேர் தடம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது. 1850-களில் லே புவா வரை தொங்கிய மேர் த கிளாஸ், ஊரிலிருந்து பார்த்தால் தெரியாதபடி பின்வாங்கிவிட்டது. வின்டம் நின்ற மேட்டில் நின்றால் காண்பது சாம்பல் நிறச் சரளையும், அதன் ஆழத்தில் அழுக்கேறிய பனிக்கட்டியும். மொவே பா படிகளுக்குப் பனியாற்றின் மேல் நடந்துபோக இனி வழியில்லை. அப்பாலுள்ள மலைக்குடில்களுக்குப் போகிறவர்கள் பாறையில் அடித்த ஏணிகளில் இறங்குகிறார்கள். பனி தாழத் தாழ ஏணிகளும் நீள்கின்றன. 1988-இல், பனியாற்றில் குடைந்த பனிக்குகை வரை பயணிகளை இறக்க ஒரு சிறு கம்பிவண்டி அமைத்தபோது, கீழ்நிலையத்திலிருந்து பனிக்கட்டிக்குச் சில படிகளே இருந்தன. அந்தப் படிகள் ஆண்டுதோறும் பெருகி ஐந்நூறைத் தாண்டின. இறங்கும் வழியில், பனி இன்ன ஆண்டு இந்த மட்டத்தில் இருந்தது என்று பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் புதிய கம்பிவண்டி திறக்கப்பட்டது. பனியாற்றின் இன்னும் மேல்பகுதியில், பனி சற்று அதிக காலம் தாங்கும் என்று கணித்த இடத்தில் அது இறக்கிவிடுகிறது.