கடல் வழி வந்த குதிரைகள்



"மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கள். ஆனால் குதிரையைப் பற்றி மட்டும் வேண்டாம் ஐயா!" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டுக்கொண்டார்கள். சந்திப்பை மாமல்லபுரத்தில் வைத்துவிட்டு இப்படி ஒரு நிபந்தனை போட்டால் நான் எங்கே போவேன்? செங்கல்பட்டுச் சீமையின் அந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் இரண்டாயிரம் ஆண்டு உறவு இருக்கிறதே!

நம் கால்நடைக் கல்லூரியில் என்.சி.சி.யின் ரிமவுண்ட் அண்டு வெட்டினரிப் பிரிவில் சேர்ந்து முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்தவர்கள் நம்மில் பலர். பரேடு முடிந்ததும் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான். கோப்பை எதுவும் வாங்கியதில்லை. வெறும் அமெச்சூர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'நேசிப்பவன்' என்றே பொருள் என்பதால் எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

இனி சரித்திரத்துக்கு வருவோம். யானை நம் காட்டில் பிறந்தது. காளை நம் தொழுவத்தில் பிறந்தது. போர்க்குதிரை மட்டும் நம் மண்ணுக்கு வந்த விருந்தாளி. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்ற துறைமுகத்தைச் சொல்லும்போது, வெண்மையான பிடரி மயிருள்ள குதிரைகளைக் கொண்டுவந்த கப்பல்களையும் சொல்கிறது. அந்தத் துறைமுகம் மாமல்லபுரந்தான் என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் கருத்து. அதே புலவர் பாடிய பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வழி வந்த குதிரைகள் நிற்கின்றன.

வந்த குதிரைகளின் கதி என்ன? இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு செய்தி எழுதிவைத்திருக்கிறார். மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டுதோறும் 2,000-க்கு மேல் குதிரை வாங்குவார்களாம். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம்! காரணத்தையும் அவரே சொல்கிறார்: லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, அப்படிப்பட்டவர்களை வியாபாரிகள் கூட்டி வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம்? தீனியோ, சோற்றோடு வேகவைத்த இறைச்சி!

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் தரும் கணக்கு இன்னும் சுவையானது. ஆண்டுக்கு 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் செத்தாலும் அரண்மனைக் கஜானா பணம் கொடுத்துவிட வேண்டும். அது ஒப்பந்தம். இரண்டு நூற்றாண்டு கழித்தும் கதை மாறவில்லை. விஜயநகரத்து சாளுவ நரசிம்மர் குதிரைகளை உயிரோடும் வாங்கினார், உயிரில்லாமலும் வாங்கினார். கடலில் இறந்ததற்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை கிடைத்தது என்று போர்ச்சுக்கீசியரான நூனிஸ் எழுதுகிறார்.

நண்பர்களே, இதைப் படிக்கிறவர் சரித்திர ஆசிரியராக இருந்தால் 'என்ன விசித்திரம்!' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். நாம் அப்படிப் புரட்ட முடியுமா? முதலாண்டிலேயே நமக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன? குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உடம்பைப் பார்த்தால் மலை; இரைப்பையோ சிறியது. நாள் முழுதும் கொஞ்சங் கொஞ்சமாகப் புல் மேயவே படைக்கப்பட்ட பிராணி. அதைப் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்து, புழுக்கத்தில் கயிறும் முளையுமாகக் கட்டிப்போட்டு, வேகவைத்த சோற்றைத் திணித்தால் வயிற்றுவலி வராமல் என்ன வரும்? குளம்பு வேகாமல் என்ன செய்யும்? கஜானா பொன்னாகக் கொட்டியது. ஆனால் ஒரு கட்டுப் புல்லின் அருமையும், குளம்பைத் தூக்கிப் பார்க்கும் ஓர் ஆளின் அருமையும் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதற்காக நம் மக்களுக்குக் குதிரை மேல் ஆசை இல்லை என்று சொல்ல முடியுமா? மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன கதைதானே! நரி பரியானதை நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்காதவர் உண்டா? 1714-இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட செஞ்சி ராஜா தேசிங்கைப் பாடிய கூத்துக்காரர்கள், அவன் குதிரையை விட்டுவிட்டுப் பாடியதில்லை. செங்கல்பட்டிலிருந்து எந்தக் கிராமத்துப் பக்கம் போனாலும் மன்னார்சாமி, பச்சையம்மன் கோயில் வாசலில் சுதைக் குதிரை கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கிறது. காஞ்சி வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களிலும் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். மாமல்லபுரத்தில் யானையும் சிங்கமும் பசுவும் கண்முன்னே நிற்க, குதிரையை மட்டும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2004 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது வெளிப்பட்ட பாறைச் சிற்பங்களில் யானைத் தலையோடு பாயும் குதிரை ஒன்றும் இருந்தது. ஆக, கும்பிடத் தெரிந்திருக்கிறது, பாடத் தெரிந்திருக்கிறது, செதுக்கத் தெரிந்திருக்கிறது. பராமரிக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

இன்னொரு கடனையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி இருக்கிறதல்லவா? 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கேதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் அங்கிருந்து மருந்து தயாரிப்போருக்குப் போகிறது. அந்த விஷத்தைத் துளித்துளியாகத் தன் உடம்பில் ஏற்று, எதிர்ப்புச் சக்தியை இரத்தத்தில் உண்டாக்கித் தருவது யார்? குதிரைதான்! மதுராந்தகம் வயலில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போய்க் கடிபட்ட ஒரு விவசாயி பிழைத்து எழுந்தால், இருளருக்கு ஒரு நன்றி, எங்கோ ஒரு லாயத்தில் நிற்கும் குதிரைக்கு ஒரு நன்றி. அந்த விவசாயி வாழ்நாளில் குதிரை ஏறியிருக்கவே மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சந்திப்புக்கு வரும்போது கடற்கரைக்குப் போவீர்கள். சவாரிக் குதிரைகள் நிற்கும். பேரப்பிள்ளைகள் "தாத்தா, ஒரு ரவுண்டு!" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ஏற்றிவிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றுவதற்கு முன் குனிந்து நான்கு குளம்பையும் பாருங்கள். சேணத்துக்குக் கீழே முதுகைத் தடவிப் பாருங்கள். வேளைக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குதிரைக்காரரைத் திட்டாதீர்கள். குதிரை நின்றுவிட்டால் அவர் வீட்டு அடுப்பும் நின்றுவிடும். அவருக்குத் தேவை அறிவுரை அல்ல, டாக்டர். டாக்டர்கள் நாம் ஒரு கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறோம்!

ஆகவே என் கோரிக்கை இதுதான். இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். குளம்பு சீவ, லாடம் பார்க்க, குடற்புழு மருந்து கொடுக்க, டெட்டனஸ் ஊசி போட, முதுகுப் புண்ணுக்கு மருந்திட நம்மிடம் ஆள் உண்டு. மருந்துச் செலவில் என் பங்கைச் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். மார்க்கோ போலோ தேடிய ஆட்கள் எழுநூறு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தார்கள் என்றாவது இருக்கட்டுமே!

பழைய பூட்ஸைத் தூசி தட்டி எடுத்து வாருங்கள். நேரில் சந்திப்போம்.