'நாம்' என்பதில் யார் யார்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகப்புரையை 'மக்களாகிய நாம்' என்று தமிழில் எழுதிவிட்டு எளிதாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பை அந்த இடத்தில் நாமே வழங்கிவிட்டோம் என்பது உறைப்பதில்லை. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. முன்னிலையையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மைக்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று நம் இலக்கணிகள் தனிப்பெயரே இட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது.

விடுதலையையும் சமத்துவத்தையும் பேசிய புகழ்பெற்ற அமெரிக்க உரைகளை அண்மையில் வரிசையாகப் படித்தபோது, அவற்றின் வலிமையில் பெரும்பகுதி இந்த ஒற்றைச் சொல்லின் மயக்கத்தில் தங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. அவற்றின் உருவகங்களைப் பற்றியும் அடுக்குத்தொடர்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. இந்தச் சிறு பிரதிப்பெயரைத் தமிழ்க் கண்ணால் பார்த்தால் வேறு சில தெரிகின்றன.

அந்தச் சொல்லை முதலில் சந்தேகித்தவர்களுள் ஒருவர் பேட்ரிக் ஹென்றி. 1788 ஜூனில், சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று வர்ஜீனியாவின் மன்றம் விவாதித்தபோது, மாநிலங்கள் என்று சொல்லாமல் மக்கள் என்று பேச இவர்களுக்கு யார் அதிகாரம் தந்தார்கள் என்று கேட்டார். (விடுதலை அல்லது மரணம் என்று 1775இல் முழங்கியதாகப் பெயர்பெற்றவர் இவர்தான். அம்முழக்கத்தின் வாசகம் 1817இல் வில்லியம் வர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே கிடைக்கிறது என்பது வேறு கதை.) கேள்வி கூர்மையானது, ஆனால் அவருடைய கவலை மாநில உரிமை பற்றியது. அவரிடமும் அடிமைகள் இருந்தனர். அவர்கள் அந்தப் பன்மையில் சேர்த்தியா என்பது அவர் கேள்விக்குள் வரவில்லை. சாசனமோ பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது. எண்ணும்போதும் 'அடிமை' என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தது.

அந்தக் கேள்வியை முழு ஆகிருதியுடன் எழுப்பியவர் பிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பியவர். 1852 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அடிமை ஒழிப்புப் பெண்கள் சங்கத்தின் அழைப்பின் பேரில் சுதந்திர தின உரை ஆற்றினார். கொண்டாட்டம் நான்காம் தேதியில், அவர் பேசியது ஐந்தாம் தேதியில். அந்த ஒரு நாள் இடைவெளியே பாதி உரை என்று சொல்லலாம். வழக்கமான மேடைப் பேச்சாளர் போலவே ஆரம்பிக்கிறார். 1776இன் தலைவர்களின் துணிவை மனதாரப் புகழ்கிறார். கேட்டிருந்த ஐந்நூறு அறுநூறு பேரும் இதமாகத் தலையசைத்திருக்கலாம். ஆனால் சொற்களைக் கவனியுங்கள்: உங்கள் நாடு, உங்கள் தந்தையர், உங்கள் விடுதலை. 'சக குடிமக்களே' என்று விளித்துக்கொண்டே இதைச் செய்கிறார். விளியில் நெருக்கம், உடைமையில் விலக்கம்.

வெகுநேரம் கழித்தே கத்தியை உருவுகிறார். இன்று என்னை ஏன் பேச அழைத்தீர்கள், இந்த நாளோடு என் மக்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறார். பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களிடம் சீயோனின் பாட்டைப் பாடச் சொன்ன விவிலியக் காட்சியை நினைவூட்டுகிறார். பிறகு வருவதுதான் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி. அடிமையும் மனிதனே என்று நான் நிறுவ வேண்டுமா என்று கேட்டுவிட்டு, எதிராளியின் சட்டப் புத்தகத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். வர்ஜீனியாவில் கறுப்பர் செய்தால் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் 72. அவற்றில் வெள்ளையருக்கும் அதே தண்டனை தருபவை இரண்டே. பொறுப்புள்ள மனித உயிர் என்று ஒப்புக்கொள்ளாமல் ஒருவனை எப்படித் தண்டிக்க முடியும்? அடிமைக்கு எழுத்தறிவிப்பதைத் தடைசெய்யும் சட்டங்கள் தென்மாநிலங்களில் உண்டு. வயலில் மேயும் மாட்டுக்கு அப்படிச் சட்டம் போட்டவர் யார்?

இத்தனைக்கும் பிறகு அவர் சாசனத்தைத் தூக்கி எறியவில்லை. அவருடைய பழைய வழிகாட்டியான வில்லியம் லாய்ட் கேரிசன் 1854இல் அதை மக்கள் முன்னிலையில் கொளுத்தினார். டக்ளஸ் அந்த வழியை 1851லேயே விட்டுவிட்டார். கறுப்பர் குடிமக்கள் ஆகமாட்டார்கள், முகப்புரையின் 'மக்கள்' என்பதில் அவர்கள் சேர்த்தி இல்லை என்று ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி 1857இல் எழுதியபோது, டக்ளஸின் பதில் சாசனத்தின் எழுத்தையே பற்றிக்கொண்டது. அங்கே இருப்பது மக்கள் என்ற சொல். வெள்ளை மக்கள் என்று எழுதியிருக்கவில்லையே என்றார். எழுதியவர்களின் மனத்தில் 'நாங்கள்' இருந்திருக்கலாம். தாளில் இருக்கும் சொல் 'நாம்' என்று படிக்க இடம் தருகிறது. அவருக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது.

லிங்கனுக்கு வருவோம். 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசி முடித்த பிறகு லிங்கன் பேசியது ஏறத்தாழ 270 சொற்கள். எண்பத்தேழு ஆண்டுகள் பின்னோக்கி எண்ணித் தொடங்குகிறார். கழித்துப் பார்த்தால் 1776 வருகிறது, சாசனத்தின் 1787 அல்ல. நாட்டின் பிறப்பைச் சமத்துவத்தை அறிவித்த ஆவணத்துக்கு நகர்த்திவிடுகிறார். 'நான்' என்ற சொல் உரையில் ஓரிடத்திலும் இல்லை. தன்மைப் பன்மை எழுவாய் பத்து முறை வருகிறது. மொழிபெயர்க்கும்போது பத்திலும் கை தானாக 'நாம்' என்றே எழுதும். ஆனால் அந்தப் பத்துக்குள் யார்? அடிமை என்ற சொல்லும் அங்கே இல்லை, தெற்கு என்ற சொல்லும் இல்லை. அந்த உரையின் அழகில் ஒரு பங்கு அதன் மௌனத்துக்குரியது.

1865 மார்ச் 4இன் இரண்டாம் பதவியேற்பு உரையை அதைவிடப் பெரிது என்றே நாம் கருதுகிறோம். அங்கே மௌனம் கலைகிறது. தெற்கின் அடிமைமுறை என்று சொல்லாமல் அமெரிக்க அடிமைமுறை என்கிறார். இருநூற்றைம்பது ஆண்டுக் கூலியற்ற உழைப்பின் கணக்கு இரு தரப்பின் மேலும் விழுகிறது. வெற்றியின் வாசலில் நிற்கும் தலைவர் எதிரியையும் 'நாம்' என்பதற்குள் இழுக்கிறார், குற்றத்தின் பங்காளியாக. கூட்டத்தில் டக்ளஸும் இருந்தார். அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போனபோது காவலர்கள் அவரை வாசலில் மறித்தார்கள். உள்ளே சென்றதும் லிங்கன் உரையைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டதையும், அதைப் புனிதமான முயற்சி என்று தாம் சொன்னதையும் டக்ளஸ் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பெண்களின் கதை தனிக்கட்டுரைக்கு உரியது. 1872 தேர்தலில் வாக்களித்த குற்றத்துக்காக நூறு டாலர் அபராதம் விதிக்கப்பட்ட சூசன் ஆந்தனி, அதே ராச்செஸ்டர்க்காரர், டக்ளஸின் வாதத்தை எடுத்து, வெள்ளை ஆண்கள் என்றா எழுதியிருக்கிறது என்று கேட்டார் என்பதை மட்டும் குறித்துவைப்போம். அபராதத்தை அவர் கடைசிவரை கட்டவில்லை.

1963 ஆகஸ்ட் 28 அன்று லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, லிங்கனைப் போலவே ஆண்டுகளை எண்ணித் தொடங்கினார் மார்ட்டின் லூதர் கிங். அவருடைய கனவு உலகறிந்தது. தயாரித்துக் கொண்டுவந்த பிரதியில் அந்தப் பகுதி இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன் அருகிலிருந்து தூண்டினார் என்பதும் பலர் அறிந்ததே. நமக்கு முக்கியமாகப் படுவது முன்பாதி. நாட்டை நிறுவியவர்கள் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம், பணமில்லை என்று திரும்பி வந்த காசோலை, அதை மாற்ற வந்திருக்கிறோம் என்ற அறிவிப்பு. இங்கே 'நாங்கள்' என்பதைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. கடன்பட்டவர் எதிரே நிற்கிறார். சற்று நேரத்தில் உடன் வந்த வெள்ளையர்களைக் காட்டி, அவர்களின் விடுதலை தங்கள் விடுதலையோடு பின்னியது என்கிறார். தனியே நடக்க முடியாது என்ற அடுத்த வாக்கியத்தில் 'நாம்' வந்துவிடுகிறது. உங்களுக்கு எப்போது திருப்தி வரும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கையில் மறுபடியும் 'நாங்கள்'. ஆங்கிலக் காதுக்கு எல்லாம் ஒரே சொல். அதனால்தான் அந்த மாற்றங்கள் உறுத்தாமல் நிகழ்கின்றன. தமிழில் பெயர்ப்பவருக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஒரு சோதனை.

1965 மார்ச் 15இல் குடியரசுத் தலைவர் ஜான்சன், செல்மாவில் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்ட எட்டாம் நாள், காங்கிரஸின் முன் நின்று அவர்களுடைய பாட்டின் பல்லவியைத் தம் வாயால் சொன்னார். கறுப்பர் மட்டுமின்றி நாமெல்லோரும் வெல்ல வேண்டிய அநீதி இது என்று சொல்லிவிட்டு அந்த 'வெல்வோம்' வந்தது. 'ஓம்' விகுதி நாமுக்கும் நாங்களுக்கும் பொது; இந்த ஓரிடத்தில் தமிழும் ஆங்கிலத்தைப் போல மயக்கம் காட்டுகிறது. தொலைக்காட்சியில் பார்த்திருந்த கிங்கின் கண் கலங்கியதை உடனிருந்த ஜான் லூயிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1974 ஜூலை 25 இரவு, நிக்சனைப் பதவி நீக்கும் குற்றச்சாட்டுகளை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவில் டெக்சஸின் பார்பரா ஜோர்டன் பேசினார். தென்மாநிலங்களிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர். முகப்புரையின் முதற்சொற்களை உச்சரித்துவிட்டு, 1787 செப்டம்பர் 17இல் அது எழுதி முடிக்கப்பட்டபோது அந்தச் சொல்லில் தாம் இல்லை என்றார். வாஷிங்டனும் ஹாமில்டனும் தவறுதலாகத் தம்மை விட்டுவிட்டார்களோ என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்ததாக, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் சொன்னார். திருத்தங்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் தம்மை உள்ளே கொண்டுவந்துவிட்டன. இனி அந்தச் சாசனம் சிதைவதைச் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, குடியரசுத் தலைவரின் செயல்களை ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பிட்டுக் காட்டத் தொடங்கினார். பதினைந்தாம் நாள், ஆகஸ்ட் 9 அன்று, நிக்சன் பதவி விலகினார்.