கூலி கொடுத்தால் குற்றம்

கூலி கேட்பவன் தொழிலாளி, மறுப்பவன் முதலாளி, தடியோடு நடுவில் நிற்பது அரசு. ரெட்டியார்பாளையம்வாசிகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. பக்கத்து நகரமான புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஆனால் முதலாளி "தருகிறேன்" என்று சொல்லி, அரசு "தராதே" என்று தடுத்த கதைகளும் உண்டு!

பிரிட்டனில் 1978-ல் பிரதமர் காலகன், சம்பள உயர்வு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார். ஃபோர்டு கார் கம்பெனி, பல வார வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுமார் 17 சதவீதம் கொடுத்தது. 5 சதவீதம் என்பது சட்டமல்ல, வெறும் வரையறை. அதனால் வழக்குப் போட முடியாது. ஃபோர்டிடம் அரசு வாகனம் வாங்காது என்று தண்டிக்கப் பார்த்தார்கள். டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தில் 285-க்கு 279 என்று அரசு தோற்றது. தண்டனைத் திட்டமும் அதோடு போனது.

இந்தியாவில் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை, நேராகச் சட்டமே போட்டார்கள். 1974-ல் விலைவாசி 25 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தை அடக்கிய கையோடு, ஜூலையில் இந்திரா காந்தி அரசு கட்டாய வைப்புத் திட்டத்துக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதிய சம்பள உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியும் தொழிலாளி கைக்குப் போகாது. நிறுவனமே பிடித்து அரசுக் கணக்கில் கட்ட வேண்டும். பணம் பிறகு தவணைகளில் வட்டியோடு வரும் என்றார்கள். அரிசி வாங்க வேண்டியது இன்று, பணம் வருவதோ பல வருடம் கழித்து!

நெருக்கடி நிலையில் இன்னொரு அடி விழுந்தது. 1975 செப்டம்பரில் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமானது.

இதில் விசித்திரமானது எல்.ஐ.சி. வழக்குதான். ஊழியர்களுக்கு 15 சதவீத போனஸ் தருவதாக 1974 ஜனவரியில் நிர்வாகமே கையெழுத்திட்டிருந்தது. அதற்கு அரசின் ஒப்புதலும் இருந்தது. அதே அரசு 1976-ல் தனிச் சட்டம் போட்டு அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். மதன் மோகன் பாதக் வழக்கில் 7 நீதிபதிகள் 1978 பிப்ரவரியில் அந்தச் சட்டம் செல்லாது என்றார்கள். ஊழியர்களுக்குச் சேர வேண்டிய போனஸ் அவர்களுடைய சொத்து, ஈடு தராமல் பறித்தது தவறு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. போனஸை எல்.ஐ.சி. கொடுத்தே ஆக வேண்டியதாயிற்று.