சிம்லாவில் தேர்ந்த சங்கேத நிபுணர்

வானொலி அலையிற் செல்லும் செய்தி, செவி கொடுப்போர் யாவர்க்கும் கேட்கும். ஆதலின் அரசாங்கங்கள் அதனைச் சங்கேதத்தால் மறைத்து அனுப்புகின்றன. அம்மறைப்பை நீக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஜான் டில்ட்மன் என்னும் ஆங்கிலேயர்.

இவர் 1894-ல் இலண்டனிற் பிறந்தார். பதின்மூன்றாம் வயதிலேயே ஆக்ஸ்போர்டில் இடம் கிடைத்தும் அங்குப் பயிலும் வாய்ப்பு இவருக்கு வாய்க்கவில்லை. பள்ளி ஆசிரியராயிருந்து, முதல் உலகப் போரிற் காயமுற்றுப் பதக்கமும் பெற்றார். ருஷ்ய மொழி கற்றிருந்தமையால் 1920-ல் பிரிட்டனின் சங்கேதத் துறையிற் சேர்ந்தார். மறு ஆண்டே சிம்லாவுக்கு அனுப்பப்பட்டு, 1929 வரை அங்கிருந்தார். காபூல், தாஷ்கண்டு, மாஸ்கோ ஆகிய நகரங்களுக்கிடையே சென்ற செய்திகளைப் படிப்பதே அங்கு வேலை. அலுவலகமோ மிகச் சிறியது. செய்தியைப் பிடிப்பதை மேற்பார்வை செய்தல், வகைப்படுத்தல், சங்கேதத்தை உடைத்தல், மொழிபெயர்த்தல் யாவும் அவர் பொறுப்பே. பட்டம் பெறாத அவருக்குச் சிம்லாவே பல்கலைக்கழகமாயிற்று என்பது நம் கருத்து.

1939-ல் ஜப்பானியக் கடற்படை புதிய சங்கேதமொன்றைக் கொண்டுவந்தது. அதன் அமைப்பைச் சில மாதங்களுக்குள் டில்ட்மன் கண்டுகொண்டார். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்திலக்க எண் ஒன்றுண்டு. வேறொரு புத்தகத்திலிருந்து மற்றோர் எண்ணை எடுத்து அதனுடன் கூட்டுவர். ஆனால் மிகுதியை அடுத்த இடத்துக்கு ஏற்றமாட்டார்கள். 23157-உடன் 48962-ஐக் கூட்டினால் 61019 வரும். பிழை அறிவதற்காகச் சொல்லெண்கள் யாவும் மூன்றால் வகுபடும்படி அமைத்திருந்தனர். அந்த முன்னெச்சரிக்கையே பகைவனுக்குத் திறவுகோலாயிற்று! கூட்டிய எண்ணைச் சரியாகக் கழித்தால், மிஞ்சுவது மூன்றால் வகுபடுமன்றோ?

1942-ன் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த சங்கேதக் குழுவினர் கொழும்பிலே பெம்புரோக் கல்லூரிக் கட்டிடத்தில் இதே வேலையைச் செய்தனர். தேவிகுளம், பீருமேடு மலைகளிலுள்ள நேயர்களுக்கு டெல்லியைவிடக் கொழும்பு எவ்வளவோ அண்மை. ஏப்ரல் முதல் தேதியளவில் கொழும்பு தாக்கப்படும் என்று அவர்கள் கண்டுரைத்தனர். தளபதி சோமர்வில் கடலிற் சென்று காத்திருந்தார். பகைவர் வரவில்லை. கப்பல்கள் எண்ணெய் நிரப்பத் திரும்பின. கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரு கப்பல்கள் கொழும்பு சென்றன. ஏப்ரல் 4-ல் விமானமொன்று ஜப்பானியப் படையைக் கண்டது. அவ்விரு கப்பல்களும் அன்றிரவே புறப்பட்டும் பயனில்லை. மறுநாள் நடுக்கடலில் அவை மூழ்கின. 424 பேர் மாண்டனர். இடம் சரி, நாள் மட்டும் சிறிது பிசகியது. சங்கேதக் குழு ஆப்பிரிக்காவின் கிலிண்டினிக்குச் சென்று, 1943-ல் கொழும்பு திரும்பியது.

1942 பிப்ரவரியிலேயே டில்ட்மன் பெட்போர்டு நகரில் ஜப்பானிய மொழி வகுப்பொன்றைத் தொடங்கியிருந்தார். ஆண்டுகள் பல வேண்டும் என்றனர் மொழி வல்லுநர். அவரோ ஆறே மாதம் வகுத்தார். அங்குத் தேறியவர் சிலர் டெல்லி ஆனந்த பர்பத்தில் இயங்கிய சங்கேத நிலையத்துக்கு வந்தனர். தலைமைச் சங்கேத நிபுணராகவும் பிரிகேடியராகவும் உயர்ந்த டில்ட்மன், 1964-ல் ஓய்வு பெற்று, பின்னர் 1980 வரை அமெரிக்க அரசின் சங்கேதத் துறைக்கு ஆலோசகராயிருந்தார். 1982-ல் ஹவாயில் காலமானார்.