சொந்தப் பொட்டியா, வாடகைப் பொட்டியா?

உலகத்துலயே முதன்முதலா ஆபீஸ் கணக்கு வழக்குக்குன்னு கம்ப்யூட்டர் கட்டி ஓட்டினது யாருன்னு கேட்டா, பெரும்பாலானவங்க ஐபிஎம்னு சொல்வாங்க. கிடையாது மக்களே. அது ஒரு டீக்கடைக் கம்பெனி. நெசமாத்தான் :-)

ஆணி புடுங்குற இடத்துல தெனமும் அடிபடுற விஷயம்தான் இது: சர்வரை சொந்தமா வாங்கி ஆபீஸ்லயே வைக்கிறதா, இல்ல கிளவுட்ல வாடகைக்கு எடுக்கிறதா? ஏதோ 2006க்கு அப்புறம் வந்த புதுப் பிரச்சினை மாதிரி நாம பேசிக்கிறோம். தோண்டிப் பார்த்தா இந்தச் சண்டைக்கு எழுபது வயசுக்கு மேல ஆகுது.

லண்டன்ல ஜே. லயன்ஸ்னு ஒரு நிறுவனம். ஊரெல்லாம் டீக்கடை, அதோட கேக், பிரெட், ஐஸ்க்ரீம். ஒரு பன்னு, ஒரு கப் டீன்னு சில்லறை சில்லறையா காசு வர்ற வியாபாரம். ஒவ்வொரு பில்லுலயும் லாபம் கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சூண்டைக் கணக்கு பார்க்கவே ஒரு குமாஸ்தா பட்டாளம். 1947ல இவங்க ஆளுங்க ரெண்டு பேர் அமெரிக்கா போய், கணக்கு போடுற புது மெஷினைப் பத்தி விசாரிச்சாங்க. அங்க கிடைச்ச பதில்தான் தமாஷு. உங்க ஊரு கேம்பிரிட்ஜ்லயே மாரிஸ் வில்க்ஸ்னு ஒருத்தர் கட்டிட்டு இருக்காரேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

திரும்பி வந்து வில்க்ஸுக்கு 3000 பவுண்டும், கூட வேலை செய்ய ஒரு ஆளும் குடுத்தாங்க. அவரோட எட்சாக் மெஷின் 1949 மே 6ம் தேதி ஓடுச்சு. அதே வடிவமைப்பை வச்சு லயன்ஸ் தனக்குன்னு ஒண்ணு கட்டிக்கிச்சு. பேரு லியோ. கிட்டத்தட்ட 6000 வால்வு, மெமரிக்கு பாதரசக் குழாய். 1951 நவம்பர் கடைசியில இருந்து வாராவாரம் பேக்கரிக் கணக்கை அதுதான் போட்டுச்சு. அப்புறம் சம்பளக் கணக்கு. ஒரு ஆளோட சம்பளத்தைப் போட குமாஸ்தாவுக்கு 8 நிமிஷம், லியோவுக்கு ஒண்ணரை செகண்டு.

ஏன் சொந்தமா கட்டினாங்க? பெருமைக்கு இல்ல. அவங்களுக்கு வேண்டிய மாதிரி மெஷினை விக்கிற கடையே அப்ப கிடையாது. ஆனா கட்டி முடிச்ச கொஞ்ச வருஷத்துல நம்ம எல்லாருக்கும் பழக்கமான ஒரு விஷயம் நடந்தது. மெஷின்ல நேரம் மிச்சம். 1956ல ஃபோர்டு கார் கம்பெனியோட இங்கிலாந்து கிளைக்கு லயன்ஸ் சம்பளக் கணக்கு போட்டுக் குடுக்க ஆரம்பிச்சது. காருக்கு டயர் மாட்டின தொழிலாளியோட சம்பளச் சீட்டு டீக்கடைக்காரங்க மெஷின்ல தயாராச்சு. சொந்த சர்வர் வச்சிருந்தவனே அஞ்சே வருஷத்துல அடுத்தவனுக்கு 'கிளவுட்' ஆயிட்டான்.

அமெரிக்காவுல வேற கதை. அங்க ஐபிஎம் ரொம்ப காலம் மெஷினை வித்ததே இல்ல, வாடகைக்கு மட்டும்தான். 1956ல கோர்ட்டு வழியா வந்த உடன்பாட்டுக்கு அப்புறம்தான் விக்கவும் ஒத்துக்கிட்டாங்க. 1959ல அறிவிச்ச 1401 மெஷினோட வாடகை மாசம் 2500 டாலர்ல ஆரம்பிச்சது. அந்தக் காசுக்கு ஒரு சின்னக் கம்பெனி எங்க போகும்? அதனாலதான் மணிக்கணக்குல வாடகைன்னு டைம் ஷேரிங் வந்தது. ஊருக்குள்ள ஒரு பெரிய மெஷின், உங்க இடத்துல ஒரு டெலிடைப், நடுவுல டெலிபோன் லைன். கிட்டத்தட்ட இன்னைக்கு நாம பண்றதேதான்.

இதுல 'கிளவுட் பில்லைப் பார்த்து மயக்கம்' போட்ட முதல் தலைமுறையும் உண்டு. 1968ல சியாட்டில் லேக்சைட் பள்ளிக்கூடத்துல, பசங்களோட அம்மாக்கள் பழைய சாமான் வித்த காசுல டெலிடைப்பும் மெஷின் நேரமும் வாங்கிக் குடுத்தாங்க. பசங்க விளையாடியே அந்த நேரத்தை சீக்கிரமா காலி பண்ணிட்டாங்க. அதுல ரெண்டு பசங்க பேரு பில் கேட்ஸ், பால் ஆலன்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். என்னைக் கேட்டா, வாடகையா சொந்தமாங்கிற விவாதத்துல உலகத்துக்கே பாடம் நம்ம ஊர்லதான் நடந்தது. ஐபிஎம் இந்தியாவுல பழைய 1401 மெஷின்களைப் புதுப்பிச்சு வாடகைக்கு விட்டுட்டு இருந்தது. பெரிய பெரிய நிறுவனங்களோட கணக்கெல்லாம் அதுல. 1973ல வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி வெளிநாட்டுக் கம்பெனிங்க இந்தியக் கிளையில தங்கள் பங்கை 40 சதவீதமாக் குறைக்கணும். ஐபிஎம் ஒத்துக்கலை. 1978ல கடையைக் கட்டிட்டாங்க.

ஒரு நிமிஷம் அந்தக் காலத்து கம்ப்யூட்டர் மேனேஜர் இடத்துல உங்களை வச்சுப் பாருங்க. சம்பளம், ஸ்டாக்கு, பில்லு எல்லாம் அந்தப் பொட்டியில. பொட்டிக்குச் சொந்தக்காரன் ஊரை விட்டே போறான். அவன் கெட்டவன்னு இல்ல, சட்டமும் தப்புன்னு இல்ல. ரெண்டு பெரியவங்க சண்டையில வாடகைக்கு இருந்தவனைக் கேட்டு யாரும் முடிவெடுக்கல, அவ்ளோதான். அவங்களைக் காப்பாத்தினது எது தெரியுமா? 1975லயே அரசாங்கம் ஆரம்பிச்சிருந்த சிஎம்சி. ஐபிஎம் விட்டுட்டுப் போன மெஷின்களோட பராமரிப்பை அவங்கதான் எடுத்துக்கிட்டாங்க. அதாவது வெளியேறுற வழி முன்னாடியே இருந்தது.

அடுத்த வருஷமே ஊஞ்சல் இந்தப் பக்கம் ஆடுச்சு. 1979ல விசிகால்க் வந்தது, ஆப்பிள் பொட்டியில ஓடுற முதல் விரிதாள். கணக்கு போட மணிக்கு இவ்வளவுன்னு அழ வேண்டாம், மேசை மேலயே மெஷின். இதுல ஒரு வேடிக்கை, அந்த நிரலை எழுதினதே வாடகை மெஷின்ல. ராத்திரியில ரேட் கம்மின்னு பாப் ஃபிராங்க்ஸ்டன் எம்ஐடியோட டைம் ஷேரிங் மெஷின்ல ராக்கண் முழிச்சு எழுதினார். 1981ல ஐபிஎம்மே பிசி விட்டதும் எல்லாரும் சொந்த வீட்டுக்காரங்க ஆயிட்டாங்க.

2006ல திரும்பவும் வாடகை. மார்ச்சுல அமேசான் எஸ்3, ஒரு ஜிபிக்கு மாசம் 15 சென்ட். ஆகஸ்டுல ஈசி2, மணிக்கு 10 சென்ட். பதினஞ்சு வருஷம் எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினாங்க. அப்புறம் 2022ல, வருஷத்துக்கு 32 லட்சம் டாலர் கிளவுட் பில் கட்டிட்டு இருந்த 37சிக்னல்ஸ் கம்பெனி வெளியேறப் போறோம்னு அறிவிச்சது. சொந்தமா சர்வர் வாங்கி, அடுத்தவங்க டேட்டா சென்டர்ல இடம் மட்டும் வாடகைக்கு எடுத்தாங்க. மெஷின் சொந்தம், கொட்டாய் வாடகை.

ஆக யாரு சரி? பொதுவா ரெண்டு தரப்பும் ரேட்டைத்தான் பேசுவாங்க. ஈரோட்டுல ஜவுளி மொத்த வியாபாரம் பண்ற எங்க சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். "ஏங்கண்ணு, ரெண்டுல எது செலவு கம்மி?" பேப்பர்ல போட்டுப் பார்த்தோம். ஒரு பேச்சுக்கு அஞ்சு வருஷக் கணக்கு: சர்வர் 1,20,000, யுபிஎஸ் 30,000, நடுவுல ஒரு தடவை பேட்டரி 15,000, பேக்கப் டிஸ்க் 10,000, பராமரிப்பு ஆளுக்கு வருஷம் 12,000. மொத்தம் 2,35,000. கிளவுட் மாசம் 5000னா 3,00,000. வித்தியாசம் மாசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், அதுலயும் பாதியை கரண்ட் பில்லு தின்னுடும்.

அப்ப நான் கேட்டேன், "சித்தப்பா, இன்னைக்கு ராத்திரி கடையில தீப்பிடிச்சா, நாளைக்குக் காலையில யாரு எவ்ளோ பாக்கின்னு உங்களால சொல்ல முடியுங்களா?"

மனுஷன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. மொத்த வியாபாரத்துல சரக்கு முழுக்க கடன்ல போகும். மூணு மாசத்துப் பாக்கி வெளியில நிக்குது. சர்வரோட விலை லட்சம்னா, அதுக்குள்ள இருக்கிற பாக்கிக் கணக்கோட விலை கோடி.

இந்தக் கேள்வி கிளவுட்டுக்கும் பொருந்தும். 2013 செப்டம்பர்ல நிர்வானிக்ஸ்னு ஒரு சேமிப்பு நிறுவனம் மூடினப்ப, டேட்டாவை எடுத்துட்டுப் போக வாடிக்கையாளருக்குக் குடுத்தது ரெண்டே வாரம். 2014 ஜூன்ல கோட் ஸ்பேசஸ்ங்கிற கம்பெனியோட அமேசான் கணக்குக்குள்ள ஒருத்தன் பூந்து எல்லாத்தையும் அழிச்சான். பேக்கப்பும் அவனுக்கு எட்டுற தூரத்துலதான் இருந்தது. கம்பெனியே க்ளோஸ். 2021 மார்ச் 10ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச் டேட்டா சென்டர் எரிஞ்சப்ப, அதே வளாகத்துல பேக்கப் வச்சிருந்த பலருக்கு ரெண்டும் சேர்ந்து போச்சு. சொந்த சர்வர்காரங்களுக்கு 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்கும். தரைத்தளத்துல வச்சதெல்லாம் தண்ணிக்குள்ள.

எழுபது வருஷமா ஊஞ்சல் ஆடிட்டே இருக்கு. இப்ப அது எந்தப் பக்கம் நிக்குதுங்கிறது நம்ம கையில இல்ல. ஆனா மூணு கேள்வி நம்ம கையில இருக்கு:

1. மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா கிடக்கும்? தீபாவளிக்கு மட்டும் பத்து மடங்கு வேலைன்னா வாடகை. வருஷம் பூரா ஒரே அளவுன்னா சொந்தம்.

2. நெட் இல்லைன்னா பில்லு போட முடியுமா? முடியணும்னா ஒரு பொட்டி கடையில இருந்தே ஆகணும்.

3. பொட்டியோ, வாடகைக்காரனோ நாளைக்கு இல்லைன்னா, நம்ம கணக்கு நம்ம கையில இருக்குமா? இதுக்கு 'ஆமா'ன்னு சொல்ல முடியாதவரைக்கும் முதல் ரெண்டையும் யோசிக்கவே வேண்டாம்.

சித்தப்பா கடைக்கு, சர்வர் மேசைக்கு அடியிலயே இருக்கட்டும்னு முடிவாச்சு. ராத்திரி ஒரு காப்பி பூட்டுப் போட்டு கிளவுட்டுக்குப் போகுது, வாராவாரம் ஒரு டிஸ்க் வீட்டு பீரோவுக்குப் போகுது. மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியைப் பழைய லேப்டாப்புல ஏத்தி, நிஜமாவே திறக்குதான்னு பார்க்கணும். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத கல்லா மாதிரி. நாலு ஊர்ல கிளையோட இருக்கிறவருக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். கிளவுட்டுக்கே போங்கன்னுதான் சொல்வேன். மூணாவது கேள்வி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

டிஸ்கி: 2009ல ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை பேரோட பக்கங்கள் போச்சுன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பின்னூட்டம் போடறதுக்கு முன்னாடி, உங்க பதிவுகளுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு வாங்க மக்கா :-)