இலங்கைக் கல்லும் ஸ்கான் ஊசியும்

சி.டி. ஸ்கானுக்கு முதல் சிலருக்குக் கையில் ஒரு ஊசி போடுவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடும், வாயில் இரும்புச் சுவை வரும். ஆஸ்பத்திரியில் அதை ‘டை’ என்பார்கள். காரைதீவிலோ கல்முனையிலோ ஒரு வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே, “அது கிட்னியை அடிச்சிடுமாமே?” என்று ஆராவது கேட்பார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு.

எக்ஸ்ரேயை 1895இல் றொண்ட்ஜன் கண்டுபிடித்தார். எலும்பு தெரிந்தது, இரத்தக்குழாய் தெரியவில்லை. அடுத்த வருடமே வியன்னாவில் இரண்டு பேர், பிணத்தின் கை ஒன்றில் சுண்ணாம்பும் பாதரசச் சேர்வையும் கலந்த குழம்பை ஏற்றிப் படம் எடுத்தார்கள். குழாய்கள் மரக்கிளை மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. பிணத்துக்கு நஞ்சு ஒரு பிரச்சினையில்லை. உயிரோடு இருக்கிற ஆளுக்கு எதை ஏற்றுவது?

1930 வாக்கில் ஜெர்மனியிலிருந்து ஒரு பதில் வந்தது: தோரோட்ராஸ்ட். உள்ளே இருந்தது தோரியம் டைஒக்சைட். படம் அருமையாக விழுந்தது, நோயாளிக்கு அந்த நேரத்தில் ஒரு நோவும் இல்லை. டொக்டர்மாருக்குப் பிடித்துப்போனது.

தோரியம் டைஒக்சைட் இயற்கையில் கல்லாகவும் கிடைக்கும். அந்தக் கல்லின் பெயர் தோரியனைட். 1904இல் சப்பிரகமுவவில் அதைக் கண்டெடுத்தவர், அப்போது இலங்கைக் கனிம ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி. ஓம், நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற அதே குமாரசுவாமிதான். (விஞ்ஞானத்திலிருந்து கலைக்கு வந்தவர்கள் எங்கட ஊருக்குப் புதிதில்லை. யாழ் நூல் எழுதிய விபுலாநந்த அடிகளும் விஞ்ஞானப் பட்டதாரி.) அந்தக் கல் லண்டனுக்குப் போனது. அங்கே ஓட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மன்காரர் 1905இல் அதிலிருந்து ‘ரேடியோதோரியம்’ என்ற கடும் கதிர்வீச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார்.

அதாவது, தோரியத்திலிருந்து என்ன பிறக்கிறது என்பது ஊசி வருவதற்கு 25 வருடம் முந்தியே தெரியும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1932இலேயே எச்சரித்தது. ஆனாலும் ஏற்றினார்கள், உலகம் முழுக்க இலட்சக்கணக்கான ஆட்களுக்கு. ஜப்பானில் காயப்பட்ட படைவீரருக்கும் ஏற்றினார்கள். “அறியாமல் செய்தார்கள்” என்று இதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தோரோட்ராஸ்ட் உடம்பை விட்டுப் போவதில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, ஆல்பாக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். 20, 30 வருடம் கழித்து ஈரல் புற்றுநோய் வந்தது. ஊசி போட்ட டொக்டரும் நோயைக் கண்ட டொக்டரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். அதனால்தான் கணக்கு வெளிவர அவ்வளவு காலம் எடுத்தது. 1950களில் பாவனை நின்றது.

இன்று சி.டி.க்குப் போடுவது அயடீன் மருந்து. கிட்னி நன்றாக வேலை செய்தால் ஒரு நாளுக்குள் சிறுநீரோடு போய்விடும். இதிலும் ஒரு கடற்கரைக் கதை உண்டு. பழைய அயடீன் மருந்து ஏன் நோகிறது என்று சுவீடனின் டோர்ஸ்டன் அல்மேன் யோசித்தது, உப்புக் கூடிய கடலில் கண் எரிகிறது, உப்புக் குறைந்த கடலில் எரியவில்லை என்பதை வைத்துத்தான். அதிலிருந்து உடம்புக்கு இதமான மருந்துகள் வந்தன. ஒவ்வாமை சிலருக்கு இன்றும் வரும். கிட்னிப் பயம், சாதாரண கிட்னி உள்ளவருக்கு முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்பதே இப்போதைய கருத்து. ஏற்கெனவே பழுதானவருக்குத்தான் கவனம் வேணும்.

எம்.ஆர்.ஐ.க்குப் போடுவது வேறு, கடோலினியம். பாதுகாப்பானது என்று 1988இலிருந்து பாவித்தார்கள். கிட்னி செயலிழந்த சிலருக்குத் தோல் கல்லாக இறுகியதற்கு அதுதான் காரணம் என்று 2006இல் ஐரோப்பிய டொக்டர்மார் கண்டார்கள். விதிகள் மாறின, அந்த நோயும் அரிதாகிவிட்டது.

ஊசிக்கு முதல் கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்பது கிட்னியைப் பார்க்கத்தான். கேட்காவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அம்மாவோ உம்மாவோ சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் குடிக்கிறவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.